டேப் ஒட்டிய பொத்தான்

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் என் தங்கை இரண்டு விரல்களை இழந்தாள். வழக்கெல்லாம் எதற்கு, இரண்டு தரப்பும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்று ஒரு சமரச அம்மா எங்களைக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2.
முதல் வரி: "ஃபோர்மேன் ஓர் அரக்கன்."

(அடித்துவிட்டேன். அரக்கன் என்றால் எழுதச் சுலபம். தங்கைக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான்.)

இன்னொரு வரி: "கருணை என்பது மனித மனத்தின்

(இதையும் விடுங்கள். கருணை கருணை என்று எல்லோரும் கைநீட்டுவது அடிபட்டவளிடம்தான்.)

3.
அது பழைய இயந்திரம். இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை கத்திக்கு அடியில் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அவசர வேலை என்று ஃபோர்மேன் ஒரு பொத்தானை அழுத்தி டேப் ஒட்டிவிட்டார். ஒரு கை காகிதத்தைத் தள்ள, ஒரு கை அழுத்த, வேலை பறந்தது.

"தப்புதாம்மா. முதலாளி நெருக்கினாரு, ஒட்டிட்டேன். தூக்கமே வரல" என்று சமரச அறையில் ஃபோர்மேன் அழுதார்.

தங்கை கட்டுப்போட்ட கையால் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அதைப் பிடுங்கி வீசியிருப்பேன்.

"மன்னிச்சுட்டதா எடுத்துக்கலாமாம்மா?" சமரச அம்மா பேனாவைத் திறந்தார்.

தங்கை ஃபோர்மேனைத்தான் பார்த்தாள். "அண்ணா, அந்த டேப்பை எடுத்துட்டீங்களா?"

அவர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"இப்ப அதுல யாரு நிக்கிறா?"

"புதுசா ஒரு பொண்ணு."

"அதெல்லாம் இந்தப் பேச்சுல வராதும்மா" என்றார் சமரச அம்மா.

"அப்ப எதுதான் வரும்?" கேட்டது நான்.

தங்கை என் தொடையை அழுத்திவிட்டு ஃபோர்மேனிடம் சொன்னாள்: "எனக்குக் கோவம் தீரலண்ணா. ஆனா நீங்க தூங்கணும். எந்திரிங்க. அதைப் பிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அவர் எழுந்தார்.

4.
முடிவு ஒன்று: போய்ப் பிய்த்தார். (நம்ப மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: வாசலில் முதலாளியின் போன் வந்தது, அவர்

(மாட்டேன். இதை நான் எழுதமாட்டேன்.)

நானும் தங்கையும் இன்னும் அந்த அறையில்தான் காத்திருக்கிறோம். இது புத்தகமாக உங்கள் கையில் இருந்தால் பக்க ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நேராக, வழவழவென்று இருக்கும். எத்தனை பொத்தானை அழுத்தி அதை வெட்டினார்கள் என்று போய் விசாரியுங்கள். விசாரித்துவிட்டு வந்து முடிவை நீங்களே எழுதுங்கள்.