பிரையர் மரத்துக் கொம்பு

ஊதி ஊதித் திரவியத்தின் கண் சிவந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பால் விடாத கட்டங்காப்பி போட, முற்றத்தில் மூன்று கல் கூட்டி அவன் மூட்டிய அடுப்பு அது. சாவு வீட்டுக்குள் அடுப்பு எரியக்கூடாது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் மற்ற வீடுகளிலெல்லாம் தோசை வாசனை கிளம்பியிருந்தது.

உள்ளே தாணு ஆசாரியைக் கிடத்தியிருந்தார்கள். விடியும்போது அவர் மனைவி மாடம்மாள்தான் கண்டாள். கூப்பிட்டும் பதில் இல்லை. மூக்குக்கு நேரே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் படவில்லை. நம்பாமல் மறு கையையும் வைத்துப் பார்த்தாள்.

“இதென்ன எழவு விறகு அக்கா, பத்தமாட்டங்கு!” முற்றத்திலிருந்து தம்பி திரவியத்தின் குரல். “பட்டறைப் பெட்டியில கெடந்த துண்டெல்லாம் எரிஞ்சிட்டு. இது ஒண்ணு மட்டும் கல்லு கணக்கா கெடக்கு.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாடம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

“லே, எடுல அத!”

அவன் எடுப்பதற்குள் அவளே அடுப்புக்குள் கையை விட்டாள்.

“அய்யோ மாடம்மா, கை பொள்ளிப்போவும் கேட்டா!” பக்கத்து வீட்டு அம்மிணி செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

“கையில ஊத்து. கட்டையில ஊத்திராத, வெடிச்சிரும்.”

“மாப்பிள கெடக்காரு, இவளுக்கு விறகு மேல உள்ள வேவலாதியப் பாரு” என்று உள்ளே யாரோ சொன்னார்கள்.

அது விறகில்லை. பிரையர் மரத்து வேர்க்கட்டை. பைப் பிடிக்கும் காலேஜ் வாத்தியார் சுந்தரராமன், வெளிநாட்டிலிருக்கும் தம்பியிடம் சொல்லி வரவழைத்தது. லேசில் தீப்பிடிக்காது என்பதால்தான் உலகமெங்கும் அதில் பைப் செய்கிறார்கள். ஆயுசெல்லாம் எருமைக்கொம்பில் கொக்குப் பொம்மை செய்துவந்த தாணு ஆசாரியிடம், மரத்தில் கொம்பு வடிவில் ஒரு பைப் செய்து தரச் சொன்னார் வாத்தியார். வாய்ப்பக்கம் மெலிந்து, வளைந்து வந்து, புகையிலைக் குழியில் விரிய வேண்டும். கொம்பென்றால் சூடுகாட்டி வளைத்துவிடலாம். இதில் வளைவை அரத்தால்தான் கொண்டுவர வேண்டும்.

ஆசாரிக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அரம் பிடிப்பது மாடம்மாள்தான். ஊருக்கு அது தெரியாது. குழியையும் புகைத் துளையையும் இருவரும் சேர்ந்து போட்டாகிவிட்டது. வெளி வடிவத்தில்தான் சண்டை. உள்வளைவில் இன்னும் ராவி எடுக்க வேண்டும், இப்படியே விட்டால் அது கொம்பில்லை, கத்திரிக்காய் என்றாள் அவள். எடுத்தால் துளை வெளியே வந்துவிடும் என்றார் அவர். முந்தின கட்டை அப்படித்தான் வீணாகியிருந்தது. இது கடைசிக் கட்டை. “நாளைக்குப் பாப்போம்” என்று பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்த மனிதர்.

உடலை எடுக்கும் நேரத்துக்கு வாத்தியார் வந்து கும்பிட்டார். “பைப்பைப் பத்தி நெனைக்கவே வேண்டாம்மா.”

“பதினாறு கழிஞ்சு வாங்க சார்.”

தைக்காட்டுச் சுடுகாட்டிலிருந்து திரும்பியபின் திரவியம் கேட்டான். “அவருகிட்ட எதுக்கு அப்படிச் சொன்ன? ஆரு செய்யதுக்கு? பதினாறு கழிஞ்சா எங்கூட கோட்டாறுக்கு வந்திரணும். ஒத்தையில கெடந்து என்ன செய்வ?”

அவன் சொன்னதில் தப்பில்லை. தம்பி பெண்டாட்டியும் நல்லவள், சோற்றுக்குக் குறை இருக்காது. ஆனால் அங்கே கையில் அரம் இருக்காது. அதை நினைத்தபோதுதான் மாடம்மாளுக்கு அன்று முதல்முறையாக அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தீட்டுக் கழியும்வரை பட்டறையைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் திரவியம் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். அவள் பட்டறைக் கதவைத் திறந்தாள்.

கட்டையில் தீ சரியாக உள்வளைவைத்தான் தின்றிருந்தது. கரி ஆழமாகப் போயிருந்தது. கரியை எடுத்தால் அவள் சொன்ன மெலிவுக்கு வந்து நிற்கும். எடுக்காமல் விடவும் முடியாது.

“இப்ப என்ன சொல்லுதீங்க?” என்று அவர் உட்காரும் பலகையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கட்டையைப் பிடிப்பானில் இறுக்கினாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா.”

“பொறு.”

அரம் போகப்போகக் கரி உதிர்ந்து, அடியில் செம்மண் நிறத்தில் ரேகை தெரிந்தது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கொப்புளம் ஆறாத கை எரிந்தது. பிறகு உப்புத்தாள். ஒரு கட்டத்தில், இனி ஒரு இழுப்பும் கூடாது என்று விரல் சொன்னது.

துளை உடைந்திருந்தால் காற்று வளைவிலேயே போய்விடும். மெலிந்த முனையை வாயில் வைத்து, வளைவில் ஒரு விரலை ஓட்டியபடி, குழிக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்து ஊதினாள். வளைவில் ஒன்றும் கசியவில்லை.

வாசலில் திரவியம், தோள் மாற்றி மாற்றிச் சுமந்து நின்ற டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்தான்.

உள்ளங்கையில் காற்று வெதுவெதுப்பாகப் பட்டது. நம்பாமல் மறு கையையும் வைத்து ஊதிப் பார்த்தாள்.