தார்ப்பாய்க்கு அடியில்

"வாயத் தொறந்தீன்னா பல்லு இருக்காது." ராசாத்தி அத்தை சொல்லிக்கொண்டே இலக்கியாவைப் பின்வாசல் வழியாக உள்ளே இழுத்தாள்.

அத்தையின் குழந்தைகள் காப்பகத்துக்கு உரிமம் பத்துப் பிள்ளைகளுக்குத்தான். மஞ்சள் மண்டிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுப்போனதோ அதற்கு இரண்டு மடங்கு. அதிகாரி வருவதாகத் தகவல் வந்ததும், மிச்சப் பிள்ளைகளைக் கொல்லையில் நின்ற தீவன லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து, தார்ப்பாயை மேலே போட்டாயிற்று. சத்தம் போட்டால் பூச்சாண்டி வருவான் என்று மிரட்டல். காவலுக்கு இலக்கியா. ஆனால் வந்த அம்மாள் எடுத்த எடுப்பில், "உதவியாளர் எங்க? ஆள் இல்லாம எப்படி நடத்துறீங்க?" என்றாள். அதனால்தான் இந்த இழுப்பு.

"இவதாங்க. பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க."

"பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இருக்கு."

"ஒடம்பு அப்படிங்க. திங்கறதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியலைங்க." அத்தை சிரித்தாள். அவள் விரல்கள் இலக்கியாவின் முழங்கையைக் கிள்ளியபடியே இருந்தன. அப்பா போனபின் இலக்கியாவுக்கு இருப்பது இந்த வீடு ஒன்றுதான்.

கொல்லையில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. அத்தையின் வீட்டுக்காரர் சின்னுசாமி மாமா! வண்டியை எடுக்குமுன் தார்ப்பாய் தளர்ந்திருந்தால், உள்ளே பார்க்காமலே இழுத்துக் கட்டுவது அவர் கைப்பழக்கம். ராத்திரி ஓட்டம் முடிந்து தூங்கியவருக்குப் பிள்ளைகளை ஏற்றியது தெரியாது. உள்ளே இருக்கும் பிள்ளைகளில் நிலாவுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல்.

"அத்தை, மாமா..."

"கம்முனு இரு."

"என்னம்மா சத்தம்?" என்றாள் அதிகாரி.

"பக்கத்து ஊட்டு லாரிங்க."

இன்ஜின் உறுமியது. இலக்கியா கையை உதறிக்கொண்டு ஓடி, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். "மாமா, நிறுத்துங்க! உள்ள புள்ளைங்க!"

மாமா குதித்து இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். வேர்வையும் தீவனத் தூசியுமாகப் பிள்ளைகள். ஒன்றும் அழவில்லை, பூச்சாண்டிக்குப் பயந்து வாயைப் பொத்தியிருந்தன. நிலா மட்டும் இலக்கியாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நன்றிகெட்ட நாயே! இனி எவ ஊட்டுல சோறு திங்கறேன்னு பாக்கறேன்," என்று அத்தை கத்தினாள்.

அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் குரலிலும் இரக்கம் இல்லை. "உண்மையச் சொல்லு. உனக்கு என்ன வயசு?"

கொதிக்கும் நிலாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இலக்கியா சொன்னாள்:

"பதினாறுங்க."