இடது பக்கம் இழுக்கிற வண்டி

எங்கள் வீட்டுக் கார் வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் நான் அதைவிட இரண்டு வருஷம் பழையவள். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அதன் மேல்தான் கவனம். அதற்கு ஆயில் மாற்றுவதை ஒருநாள் தள்ளிப்போட மாட்டார். என் மூக்குக்கண்ணாடியை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டி ஒருநாளும் எங்களை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஆனால் இடது பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும். கிளட்சிலிருந்து காலை முக்கால்வாசி எடுத்த பிறகுதான், நகரலாமா என்று யோசிக்கவே ஆரம்பிக்கும்.

"அது கோளாறு இல்லம்மா, அதோட சுபாவம்" என்பார். என் சுபாவத்தை ஒருநாளாவது இப்படிப் பொறுத்துக்கொண்டிருப்பாரா?

அந்த வண்டியில்தான் மூன்று மாதமாக ஓட்டப் பழகினேன். ஆய்வுக்கூடத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பதினாறு வருஷம் இரத்தம் எடுத்தவள் நான். இப்போது வீடு வீடாகப் போய் எடுக்கும் குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போடுகிறார்கள். திங்கட்கிழமை லைசென்ஸைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசை.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். வண்டி சர்வீஸில் இருக்கிறது, மெக்கானிக் நேராக மைதானத்துக்கே கொண்டுவந்துவிடுவார் என்றார் இவர். நாங்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

அதிகாரி அம்மா ஃபைலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல் கிளட்சை விட்டேன். வண்டி துள்ளிக் குதித்தது. அவர் பேனா பறந்தது. வழக்கம்போல் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்தேன். வண்டி வலது பக்கமே போய், அங்கே வைத்திருந்த கூம்புகளை வரிசையாகச் சாய்த்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா!"

இறங்கினால், முகமெல்லாம் பல்லாக ஓடிவருகிறார் இவர். "எப்படி இருக்கு? உனக்காகத்தான் கிளட்ச் மாத்தி, அலைன்மென்ட் பார்த்து, இழுக்கறதையும் நிறுத்திட்டேன். சொல்லாம செஞ்சா சந்தோஷப்படுவேன்னு..."

"பாவி மனுஷா! இருபத்தொரு வருஷமா செய்யாததை இன்னைக்கா செய்யணும்?" அத்தனை பேர் எதிரில் அழுதுவிட்டேன்.

"வண்டியில ஏதாவது கோளாறா?" என்றார் அதிகாரி.

"கோளாறு இல்ல மேடம். அதான் கோளாறு" என்றேன்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வண்டி தங்கம் மேடம். இவதான் பதறிட்டா. நான் ஓட்டிக் காட்டறேன், பாருங்க."

ஓட்டிக் காட்டினார். மிச்சம் நின்ற எட்டுக் கூம்பில் ஆறு போயிற்று. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்ட அதிகாரி, சிரிப்பை அடக்க ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "மூணு மணிக்கு ஒருத்தர் வரலையாம். அதுக்குள்ள வண்டியைப் பழகிட்டு வாங்க. நீங்க மட்டும்" என்றார்.

மைதானத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது சுற்றுச் சுற்றினேன். என் கைக்கு மூன்று மாதப் பழக்கம்தான். மறக்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு கூம்புகூட அசையவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

வெளியே இவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க" என்றேன்.

ஏறினார். முதல் சிக்னலில் இரண்டு காலாலும் தரையை அழுத்தினார்.

"ஏங்க, அங்க பிரேக் இல்ல."

காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "திங்கட்கிழமை என்னையும் ஆபீஸ்ல இறக்கிவிட்டுடறியா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் எங்கே போவதானாலும் அவர் கிளம்பும்வரை வாசலில் காத்திருந்தவள் நான்.

"ஏழரைக்கு ரெடியா இருங்க" என்றேன். "ஒரு நிமிஷம் லேட்டானாலும் போயிட்டே இருப்பேன்."