மிச்சம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஐம்பத்தெட்டாம் வருஷமா, அதற்கு அடுத்ததா? குரல் ஏரிப் பக்கமிருந்து வந்தது என்பார் சிலர், தோப்புப் பக்கம் என்பார் சிலர். வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

திருப்புலிவனத்துச் சேரியில் ஞானசுந்தரி தனியாக இருந்தாள். முந்தின கோடையில் வந்த பெரியம்மை அவள் புருஷன் ஏசுதாஸையும் பால்குடி மறக்காத பிள்ளையையும் கொண்டுபோய், முகமெல்லாம் தழும்போடு அவளை விட்டுவைத்தது. "அம்மா துன்னுட்டு வச்ச மிச்சம்" என்று மேஸ்திரி முனியன் சொன்னது பேராகவே ஒட்டிக்கொண்டது. மிச்சம் கால்வைத்தால் பயிர் வாடும் என்று களை எடுக்கவும் கூப்பிடுவதில்லை.

ஓலை வேய்ந்த வேதக்கோயிலில் எல்லாரும் பாடி முடித்துப் போன பிறகும் அவள் உட்கார்ந்திருப்பாள். கேட்பது ஒன்றுதான்: "என்ன மட்டும் எதுக்கு வுட்டு வச்ச?" பதில் வராது. எழுந்து போவாள்.

இந்தக் கோடையிலும் அம்மை வந்தது. ஒரு நாள் உச்சி வேளையில், வறண்ட ஏரிக்குள் அவளும் பக்கத்து வீட்டு அம்முலுவும் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை. காக்கைகூட இல்லை.

"செங்கேணி!"

ஒரே ஒரு தரம்.

"யாருடி அது செங்கேணி?" என்றாள் அம்முலு.

"நாந்தான்க்கா. ஞானஸ்நானத்துக்கு முன்ன எம் பேரு அது. எங்க வூட்டுக்காரரு மட்டும் அப்டிக் கூப்புடுவாரு."

அம்முலுவின் களைக்கொத்து நின்றது. "திரும்பாத! வாயத் தொறக்காத! மனுசன்னா மூணு தபா கூப்புடுவான். ஒத்தக் கொரலுக்கு 'ஏன்'னு கேட்டா உசுரு அது பின்னாலயே பூடும்." பிறகு, "செத்தும் கஞ்சி காச்சக் கூப்புட்றான் பாரு. ஆம்பளைங்களுக்கு அங்க போயும் புத்தி வர்ல" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

மறுநாளும் அதே வேளைக்கு அதே குரல். நேற்றைவிட மெலிந்திருந்தது. அம்முலு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பேய்க்கு இளைப்பு வருமா என்று ஞானசுந்தரி யோசித்தபடியே வீடு திரும்பினாள்.

அதற்கடுத்த நாள் குரல் வரவில்லை. நிழல் காலடியில் சுருண்டு, மறுபடி நீளத் தொடங்கியது. கோயிலில் அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய அமைதிதான். இன்று அது அவளைக் கேட்பதுபோல் இருந்தது.

"இதோ கீறேன்" என்று வராத குரலுக்குப் பதில் சொல்லி எழுந்தாள்.

"ஐயோ, போவாதடி! செத்துப் பூடுவ!"

"மிச்சந்தானேக்கா. எல்லாரும் அப்பம் துன்ன பொறவு மிச்சத்தக் கூடைல எடுத்து வெக்கச் சொன்னாராமே வேதத்துல சாமி. எதுக்குன்னு பாத்துட்டு வரேன்."

முந்தின நாட்களில் குரல் வந்ததாகப் பட்ட திக்கில் நடந்தாள். தோப்பின் கோடியில் ஒரு களத்துக் கொட்டாய். கதவை வெளியே கயிற்றால் கட்டியிருந்தது. அதில் செருகிய வேப்பிலை சருகாகியிருந்தது. களைக்கொத்தால் கயிற்றை அறுத்து உள்ளே போனாள். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டு மருமகள் கஸ்தூரி கிடந்தாள். பிறந்த வீடு வந்த இடத்தில் அம்மை கண்டதும், வீட்டார் அவளை அங்கே போட்டுக் கட்டிவிட்டு ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். நாக்கிலும் தொண்டையிலும் கொப்புளம். குரல் என்று ஒன்றே இல்லை.

ஞானசுந்தரி முந்தானையை நனைத்து அவள் உதட்டில் பிழிந்தாள். யார் கைத் தண்ணீர் என்று பார்க்கும் நிலையில் கஸ்தூரி இல்லை. ஒருமுறை கண்டவளுக்கு மறுபடி அம்மை காணாது. அந்தக் கதவுக்குள் பயமில்லாமல் நுழையக்கூடியவள் தான்தான் என்பது, ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெகுநேரம் அழுதாள்.

கஸ்தூரிக்குப் பேச்சு திரும்பியதும் ஞானசுந்தரி கேட்டாள்: "எம் பேரு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"நான் கூப்புடலக்கா. எனக்கும் கேட்டுது. என் தலைமாட்டுல உக்காந்துகினு ஒருத்தரு கூப்ட்டாரு. அப்பால, 'வந்துடுவா'ன்னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டாரு."

ஞானசுந்தரி கதவைத் திரும்பிப் பார்த்தாள். அறுத்த கயிறு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

கஸ்தூரிக்கு ஒரு கண் போயிற்று. காஞ்சிபுரம் திரும்பி, நூல் சுற்றிப் பிழைத்தாள். முனியனுக்கு அதே கோடையில் அம்மை கண்டது. ஞானசுந்தரிதான் பார்த்துக்கொண்டாள், பிழைக்கவில்லை. அம்முலு நெடுநாள் இருந்தாள். ஒருமுறை கூப்பிட்டால் கடைசிவரை திரும்பமாட்டாள். ஞானசுந்தரி உத்திரமேரூர் வட்டாரத்தில் அம்மை கண்ட வீடுகளுக்கெல்லாம் போனாள், பெரியம்மை ஒழியும் வரைக்கும். அவளை ஏசுதாஸுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். செங்கேணி என்று யாரும் அவளை மறுபடி கூப்பிடவில்லை.