கதைக்காமல் அள்ளிய சாம்பல்

வாய்க்கரிசி போட்டுவிட்டுக் கையை எடுக்கும்போதுதான் இரத்தினம்மா அதைக் கண்டாள். நெஞ்சின் மேல் கோத்து வைத்திருந்த கணவர் கதிரவேலுவின் விரல்களில், நகக்கண்ணுக்குள், சாம்பல் இன்னும் இருந்தது. உடலை ஆயத்தம் செய்த மலர்ச்சாலைக்காரர்கள் முகத்துக்குப் பவுடர் பூசி, பட்டு வேட்டி கட்டி எல்லாம் செய்திருந்தார்கள். நகத்தை விட்டுவிட்டார்கள். சேலைத் தலைப்பால் ஒரு விரலைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"அம்மா, ஆக்கள் நிக்கினம். அங்காலை வாங்கோ," என்று மகள் கஜானி தோளைப் பிடித்தாள்.

கை கழுவப் பின்பக்கம், சமையற்கட்டுப் பக்கமாகப் போனாள். குசினிப் படியில் அவருடைய புதுச் செருப்புக் கிடந்தது. கோயில் கொடியேற்றத்துக்கென்று கஜானி வாங்கிக் கொடுத்தது. அவர் கடைசியாகக் கழற்றிய இடத்திலேயே கிடந்தது. ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் ஒருவரும் அதை எடுத்து வைக்கவில்லை.

படிக்கு அப்பால் வேலி இல்லை. சோளகக் காற்றில் பனங்காணி தீப்பற்றிய அன்று காவோலைகள் எரிந்தபடியே பறந்து வந்து வீட்டு வளவுகளுக்குள் விழுந்தன. கதிரவேலுவின் வீடு தப்பியது. பக்கத்தில் அவருடைய சித்தப்பாவின் மகன் தவராசாவின் வீடு, கல்நார்ச் சீற்றுக் கூரை படபடவென்று வெடித்துச் சிதற, ஒரு மணி நேரத்தில் நாலு சுவராகிவிட்டது. நடுவில் நின்ற ஓலை வேலியும் போனது. பதினொரு வருடங்களுக்கு முன் அந்த வேலியில் ஒரு கதியால் தடி ஒரு முழம் தள்ளி நடப்பட்டது. அன்று நின்றதுதான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு. இப்போது கதியாலும் இல்லை, முழமும் இல்லை. இரண்டு வளவும் ஒரே கரியாகக் கிடந்தன.

"வெடிச்ச சீற்றைத் தொடாதேங்கோ, அதின்ரை தூசு நெஞ்சுக்குக் கூடாது. அள்ளுறதுக்கு ஆக்கள் வருவினம், ஒரு கிழமை பொறுங்கோ," என்று ஊர் அதிகாரி விதானையார் வீடு வீடாகச் சொல்லிப் போனார். தவராசாவால் பொறுக்க முடியவில்லை. மகள் துஷாந்தினி கைக்குழந்தையோடு தறப்பாளின் கீழ் கிடந்தாள். அவன் தனி ஆளாக மண்வெட்டியோடு இறங்கினான்.

கதிரவேலு அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தார். பாதியில் கோப்பையை வைத்தார்.

"நான் உதிலை ஒருக்காப் போட்டு வாறன்."

"ஆற்றை குப்பையை ஆர் அள்ளுறது?" என்றாள் இரத்தினம்மா.

"பச்சைப்பிள்ளை கிடக்கிற இடமப்பா."

"போறதெண்டாப் போங்கோ. ஆனா நீங்களா வாய் துறந்து ஒரு சொல்லுக் கதைச்சியளெண்டா, பிறகு இந்தக் குசினிப் படி ஏறக்கூடாது."

அவர் சிரித்தார். "கதைக்காமலே அள்ளலாம்."

சாம்பல் பட்டால் பழுதாகிவிடும் என்று புதுச் செருப்பைப் படியில் கழற்றி வைத்தார். சால்வையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு போனார். அவளும் தடுக்கவில்லை. சாம்பல்தானே? நெற்றியில் பூசுவது, சட்டி தேய்ப்பது, கீரைப் பாத்திக்குத் தூவுவது. அவளுக்குத் தெரிந்த சாம்பல் ஒருவருக்கும் கெடுதல் செய்ததில்லை.

மூன்று நாள் அந்த இரண்டு ஆண்களும் அள்ளினார்கள். ஒருவர் கடகப் பெட்டியை நீட்ட மற்றவர் வாங்கினார். சொல் இல்லை. தெருவில் போன பத்மாவதி மட்டும் நின்று பார்த்து, "வேலிதான் எரிஞ்சிருக்கு. உவையளின்ரை வீம்பு இன்னும் பச்சையாத்தான் கிடக்கு," என்று சொல்லிப் போனாள்.

மூன்றாம் நாள் மாலை உள்ளங்காலும் கையும் கொப்புளித்திருந்தன. நெருப்புச் சூடு என்று இரத்தினம்மா நல்லெண்ணெய் தடவினாள். அடுத்த நாள் சோறு விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "ஐயா ஏதும் தோட்ட மருந்துக்குள்ளை வேலை செய்தவரோ?" என்று ஆசுபத்திரியில் டொக்டர் கேட்டார். "இல்லை, சாம்பல்தான் அள்ளினவர்," என்றாள். ஒன்பதாம் நாள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

கையைக் கழுவி நிமிர்ந்தபோது, வேலி இருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் தவராசா நின்றான். கோட்டைத் தாண்டவில்லை.

"மச்சாள்."

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அந்த மேற்கு மூலையிலை ரெண்டு பிளாஸ்டிக் கான் நிறையப் புல்லு சாகடிக்கிற மருந்து வைச்சிருந்தனான். விக்கக்கூடாதெண்டு தடுத்த மருந்து. கான் உருகி எல்லாம் சாம்பலுக்குள்ளை ஊறிக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் போகேல்லை. அண்ணை போனார். வெறுங்கையாலை கிளறினார்."

"நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

"ஓம். அண்ணை, தள்ளி நில்லுங்கோ எண்டு வாய் வரைக்கும் வந்தது. நான்தான் முதல் கதைச்சதாப் போயிடும் எண்டு..." அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"பதினொரு வருசம் பூட்டிக் கிடந்த வாய். இண்டைக்கு ஆருக்குக் கேக்கவெண்டு துறக்கிறாய்?"

"அவருக்கும் ஏதோ மணந்திருக்கு, மச்சாள். மூக்கைச் சுளிச்சுக்கொண்டு என்னட்டைக் கேக்க வாயெடுத்தவர். பிறகு உங்கடை குசினிப் பக்கம் திரும்பிப் பாத்தார். கேக்கேல்லை."

இரத்தினம்மா குசினிப் படிப் பக்கம் திரும்பினாள். வாய் துறந்தால் படி ஏறக்கூடாது என்று தான் போட்ட தடையை அவனுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. 

முன்பக்கம் பறை முழங்கியது.

"போ," என்றாள் கடைசியில். "கொண்ணையைத் தூக்க ஆக்கள் வேணும்."

அவன் தெருவைச் சுற்றி வந்து பாடைக்குத் தோள் கொடுத்ததை அவள் வாசல் படலைக்குள் நின்று பார்த்தாள். வாய்க்குள் சிவநாமம் சொன்னாள். பறைச் சத்தம் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். இரத்தினம்மா குளித்து, ஈரத் தலையோடு குசினிப் படியருகே வந்து குந்தினாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அயலவர்தான் தேத்தண்ணி கொண்டு வருவார்கள். துஷாந்தினி தேத்தண்ணி நிறைத்த ஒரு சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினாள். வெறுங்கால். குறுக்குவழியாக மேற்கு மூலைப் பக்கம் நடந்தாள்.

இரத்தினம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால்கள் ஓரடி வைத்தன. இன்னோரடி. கதிரவேலு பாதியில் விட்ட அந்த மூலையில் சாம்பல் மற்ற இடத்தைவிடக் கறுத்து, ஈரமாகக் கிடந்தது.

"பிள்ளை, நில்!"

குரல் கரகரத்தது. துஷாந்தினி திடுக்கிட்டு நின்றாள்.

"உதாலை போகாதை. அதுக்குள்ளை மருந்து ஊறிக் கிடக்கு. கொப்பர் உனக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை, பெரியம்மா."

அந்த முறைச்சொல் இந்த வளவில் கேட்டு எவ்வளவோ காலம்.  இரத்தினம்மா காலை நீட்டி, படியில் கிடந்த செருப்பைக் கீழே தள்ளிவிட்டாள்.

"போட்டுக்கொண்டு ரோட்டாலை சுத்திப் போ."

பெண் தயங்கினாள். பிறகு கால்களை நுழைத்தாள். பெரிய செருப்பு குதியில் அடித்து அடித்துப் படலை வரைக்கும் போனது, தெருவிலும் கேட்டது, தறப்பாளடியில் நின்றது.

இரத்தினம்மா படியைப் பார்த்தாள். காற்றோடு வந்த சாம்பல் அதில் மெல்லியதாகப் படிந்திருந்தது. செருப்புக் கிடந்த இடம் மட்டும் இரண்டு பாதங்களாகச் சுத்தமாய் இருந்தது.