ஆர்வில், எழுந்திருங்க

டிவியில் இரவு நிகழ்ச்சி என்று பேர்தான். படம் பிடிப்பதெல்லாம் வெயில் தாழுமுன் சாயங்காலத்தில். விருந்தாளிகள் ஏதோ சட்டென்று ஞாபகம் வந்ததுபோல் கதை சொல்கிறார்களே, அதுவும் அப்படித்தான். ஒரு வாரம் முன்பே போனில் என்னிடம் சொன்ன கதை. நான் அதை அட்டையில் எழுதி, நிகழ்ச்சியை நடத்தும் டெட் காரிட்டியின் மேசையில் வைப்பேன். அவர் ஒன்றும் அறியாதவர்போல் கேள்வி கேட்பார். நியூயார்க்கில் இத்தனை வருஷமாக இதுதான் என் பிழைப்பு, எனக்கு இதில் வெட்கமும் கிடையாது.

டார்லா லிண்ட்க்விஸ்ட் மேடையேறி ஜோக் சொல்கிறவள். சொந்த ஊர் வடக்கே பனி கொட்டும் டுலூத். டிவிக்கு இதுதான் முதல் தடவை. அவளுடைய அப்பா ஆர்வில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஊர் எழுமுன் ரோட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் எட்டு மணிக்கே படுத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மகள் வருகிற நிகழ்ச்சியோ நடுராத்திரியை ஒட்டி. அதனால் மனிதர் விழித்திருக்கப் பயிற்சி எடுத்தார். உட்கார்ந்தால் கண் சொக்குமென்று ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு காபி குடித்தார். பத்தரை வரைக்கும் வந்துவிட்டாராம். போனில் கேட்டபோதே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

படப்பிடிப்பு அன்று ஒப்பனை அறையில் அவளை எட்டிப் பார்த்தேன்.

"அப்பா இப்போ எத்தனை மணி வரைக்கும் தாக்குப்பிடிக்கறார்?"

கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை போயிட்டார், ரோஸ். தூக்கத்திலேயே. வர்ற சனிக்கிழமை அடக்கம்."

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். "ஏம்மா சொல்லல? அந்த அட்டையை எடுத்துடறேன். உன் நாயைப் பத்திப் பேசிக்கலாம்."

"நாய்க் கதை நல்லாவா இருக்கு?"

"சுமார்தான்."

"அப்புறம் என்ன. என் பொண்ணு வர்றா, என் பொண்ணு வர்றான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கார். இதுதான் அவர் கதை. டெட்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவர் முகம் தொங்கிட்டா அப்புறம் ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

டெட்டிடம் ஒன்றும் சொல்லாமல் அட்டையை அவர் மேசையில் வைத்தேன்.

மேடையில் டெட் கேட்டார், அவள் சொன்னாள். 'நிற்கிறார்', 'குடிக்கிறார்' என்றே சொன்னாள். எழுந்து, ஃப்ரிட்ஜில் சாய்ந்திருப்பதுபோல் நின்று தூங்கி வழிந்து காட்டினாள். அரங்கமே குலுங்கியது. அதோடு விட்டிருக்கலாம். கூட்டம் சிரித்தால் டெட்டுக்குக் கால் தரையில் நிற்காது. நேரே கேமரா முன்னால் போய், "ஆர்வில், எழுந்திருங்க. உங்க பொண்ணு வந்திருக்கா," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். அத்தனை பேரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

"ஆர்வில், எழுந்திருங்க. ஆர்வில், எழுந்திருங்க."

மேடை ஓரத்தில் நின்றிருந்த நான் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கப் போனேன். டார்லா என் பக்கம் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், வேண்டாமென்று. கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். பிறகு உள்ளங்கையைக் காட்டினாள்.

"போதும், தூங்கட்டும் விடுங்க. அவர் தள்ளாத பனியா."

அதற்கும் சிரித்தார்கள்.

விளம்பர இடைவேளையில் டெட்டிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். "நான் ஒரு மடையன். அந்த இடம் முழுசையும் வெட்டிடு, ரோஸ். என்னை மன்னிச்சுடும்மா, டார்லா."

"வெட்டாதீங்க டெட்," என்றாள் டார்லா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அன்னிக்குக் காலைல அம்மா தனியா நின்னு எழுப்பிப் பார்த்திருக்கா. இன்னிக்கு இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டதை அவ கேக்கட்டும்."

வெட்டவில்லை.