எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. என் மச்சினன் எனக்குத் தர வேண்டிய பணம். பத்து மாதத்துக்கு முன்னால் தடுக்கி விழுந்து முன்பல் நான்கையும் உடைத்துக்கொண்டான். புதுப் பல் கட்டுவதற்காகக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றான், தரவில்லை. அதன் பிறகு அவன் சிரிக்கும்போதெல்லாம் என் பணம் பளிச்சென்று தெரியும்.

பகலில் தெரிந்தால் பரவாயில்லை. ராத்திரி நான் படுத்தால் அந்த நாலு பல்லும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

நாங்கள் இருவரும் ஒரே தானிய குடோனில் மூட்டை ஏற்றுகிறவர்கள். தரைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு பலகை. அவன் முன்னால், நான் பின்னால். லாரியில் மூட்டையைப் போட்டதும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். அவன் ஒன்று என்றால் நான் இரண்டு, அவன் மூன்று என்றால் நான் நான்கு. எண்ணைத் தவறவிட்டவன் ஏற்றிய அத்தனை மூட்டையையும் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. பணத்தைக் கேட்டு வாய்த்தகராறு ஆன பிறகு, இரண்டு மாதமாக எங்களுக்குள் நடந்த பேச்சு இந்த எண்கள் மட்டும்தான்.

தூக்கமில்லாமல் ஒருநாள் பலகை நடுவில் மூட்டையோடு ஆடிவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“என்ன பெரியவரே, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்களா? ஒரு வாரம் உக்காந்து கிழிஞ்ச சாக்கத் தைங்க. திங்கக்கிழமை பலகையில ஏறிக் காட்டணும். மறுபடியும் ஆடினீங்கன்னா, அப்புறம் துடைப்பந்தான்.”

துடைப்பத்துக்குப் பாதிக் கூலி. பாதிக் கூலியில் வாடகை கொடுத்தால் வயிற்றுக்கு இல்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தூக்க மாத்திரை கேட்டேன். நர்ஸம்மா ஒரு தாளை நீட்டினார்.

“பலகையில நடக்கிற ஆளுக்கு மாத்திரையக் குடுத்து, காலையில தல சுத்தினா யாரு பதில் சொல்றது? ஒரு வாரம் இதச் செஞ்சு பாருங்க. சரியா வரலன்னா டாக்டர்கிட்டப் பேசலாம். படிக்கத் தெரியுமில்ல?”

“தெரியும்” என்றேன். ஐம்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

படுக்கையில் உட்கார்ந்து படித்தேன். ‘மூச்சை எண்ணுங்கள். மூச்சை மாற்ற முயல வேண்டாம். சும்மா வேடிக்கை பாருங்கள்.’ இந்த மூன்று வரிக்கே கண் எரிந்தது. மீதியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். எண்ணுவதுதானே? எனக்கா சொல்லித் தர வேண்டும்?

ஒன்று, இரண்டு என்று கிளம்பினேன். நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது. இருநூற்றைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் மச்சினன் வந்து சிரித்தான். பத்து மாதக் கணக்கை அவனிடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எண் இல்லை. இருநூற்றுப் பதினொன்றா, பதின்மூன்றா? பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரி விழித்துக்கொண்டாள். “என்னாச்சு?”

“எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

“எத எண்ணினீங்க?”

“மூச்ச.”

“விளங்கிரும். தூங்குறீங்களா, லாரி ஏத்துறீங்களா?” விளக்கைப் போட்டுத் தாளை உருவினாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்; கடகடவென்று படிப்பாள். “முழுசாப் படிச்சா என்னவாம்? பத்து வரைக்கும் எண்ணினாப் போதுமாம். மனசு வேற எங்கயாவது போயிட்டா, போனதத் தெரிஞ்சுக்கிட்டு, திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணுமாம்.”

“அப்ப நஷ்டம் யாருக்கு?”

“மூச்சு விடுறதுக்கு எவன் உங்களுக்குக் கூலி குடுத்தான், நஷ்டம் வர்றதுக்கு? படுங்க பேசாம.”

அவள் தூங்கிவிட்டாள். நான் இருட்டில் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். முப்பது வருஷம் எண்ணியிருக்கிறேன். தவறினால் யார் தலையிலும் விழாத ஓர் எண்ணிக்கை உண்டென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே போகும் மூச்சு சில்லென்றிருந்தது, வெளியே வருவது வெதுவெதுப்பு. இத்தனை வயது வரை விட்டிருக்கிறேன், இது தெரியவில்லை. மூக்கின் ஒரு துவாரம்தான் வேலை பார்க்கிறது, இன்னொன்று சும்மா நிற்கிறது. எங்கள் குடோனிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. வெளியே போன மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் சின்னதாக ஒரு நிறுத்தம். மூட்டையை இறக்கிவிட்டு வெறுந்தோளோடு திரும்புவோமே, அந்த மாதிரி. அந்த இடம் எவ்வளவு நீளம் என்று பார்க்கப் போய்த்தான் முதல் தடவை தூங்கிப்போனேன்.

மூன்றாம் ராத்திரி, நாலாவது மூச்சில் பல் வந்துவிட்டது. வழக்கமாக அதனோடு சண்டை போடுவேன். அன்றைக்கு, சரி, இதையும் பார்ப்போம் என்று பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. வலது கை, சாக்கின் காதைப் பிடிப்பது போல மடங்கியிருந்தது. காதுக்குள் ஒரு குரல் ‘நாலாயிரத்து முந்நூத்தி ஐம்பது’ என்று கத்தியது. யார் குரல்? மச்சினன் குரல் இல்லை. லாரி மேல் நின்று எண் சொல்கிற என் குரல்தான். எட்டு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் கத்திக்கொண்டிருந்த ஆள் நானேதான் போலிருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை விரித்தேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

எல்லா ராத்திரியும் இப்படி வாய்த்தது என்று சொன்னால் பொய். ஐந்தாம் ராத்திரி கொசுவைத்தான் எண்ணினேன்.

திங்கட்கிழமை முந்நூறு மூட்டை. சூப்பர்வைசர் கைகட்டி நின்றார். மச்சினன் முன்னால் போனான். பலகை என் காலுக்குக் கீழே பழையபடி தெரிந்தது, ஆட்டமில்லை. அவன் ஒற்றை எண்ணைச் சொல்ல, நான் இரட்டையைச் சொல்ல, நூறு போனது, இருநூறு போனது. நான் “இருநூத்திப் பதினாறு” என்றேன். அடுத்து அவன் மூட்டையைப் போட்டான். சத்தமில்லை. திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது, கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. என் கண்ணையே கண்ணாடியில் பார்ப்பது போலிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இருநூற்றுப் பதினேழு மூட்டையையும் அவன்தான் இறக்க வேண்டும். அதை அவன் அறிவான்.

“பதினேழுடா” என்றேன் மெதுவாக.

“இருநூத்திப் பதினேழு!” என்று கத்தினான்.

முந்நூறும் முடிந்தது. “சரி பெரியவரே, துடைப்பம் பொழச்சுது” என்று சூப்பர்வைசர் போய்விட்டார். நாங்கள் லாரி நிழலில் உட்கார்ந்தோம். அவன் இடுப்புத் துணியிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்தான்.

“மாமா, ஆயிரம் இருக்கு. மீதி மூவாயிரத்து முந்நூத்தி ஐம்பது...”

“தூங்கி எத்தன நாளாச்சு?”

“அந்தச் சண்டைக்கப்புறம் நீங்க எதுவும் கேக்காம, என் பல்லையே பாத்துட்டுப் போறீங்கல்ல, அன்னையிலேர்ந்து. திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.”

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டி இரண்டு பக்கமும் படித்துக் காட்டினேன். பத்து வரை எண்ண வேண்டும், தவறினால் ஒன்றிலிருந்து, என்ற இடத்தில் அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“தவறினா, ஏத்தினதெல்லாம்?”

“ஏத்தினது ஏத்தினதுதான். எறக்க வேண்டாம்.”

“நெசமாவா?” என்றான். அவன் கேட்ட விதத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது என் தலையிலிருந்து இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அதன் இடத்தில் மூவாயிரத்து முந்நூற்று ஐம்பதை ஏற்றிக்கொள்ள வேண்டுமா? கணக்கில் அது பன்னிரண்டு நாள் கூலி, லேசான பணமில்லை. ஆனால் அது இரண்டு பேர் தூக்கத்தைத் தின்கிறது.

ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“ஒரு பல்லு ஒன் காசுல கட்டினதுன்னு வச்சுக்க. மிச்சம் மூணும் நான் போட்டது. கணக்கு தீந்துச்சு.”

“மாமா, அக்கா திட்டுமே.”

“திட்டும். ரெண்டு பேரையும் சேத்துத் திட்டும். எங்க, சிரி பாக்கலாம். காசு போட்டவன் ஒழுங்காப் பாத்ததே இல்ல.”

அவன் கூச்சப்பட்டுக்கொண்டே சிரித்தான். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் ஒரு பல் கோணலாக இருந்தது.

“அது உன்னுது” என்றேன்.